கேஸ் தீர்ந்த ஞாயிற்றுக்கிழமை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காதவன் நான். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் ஐம்பத்திரண்டு வயதிலேயே ஓய்வு வாங்கிக்கொண்டேன். என் இடத்துக்கு வந்திருக்கிற உங்கள் இரண்டு பேருக்கும் ஏதாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்றார்கள். சொல்ல வராது, எழுதித் தருகிறேன் என்றேன். அதனால்தான் இது.

பாட்டில் கழுவுவது, கொதிநீராவியில் வைப்பது, மீடியா கலக்குவது எல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒரு மாதத்தில் கை பழகிவிடும். சுவரில் ஒட்ட முடியாத ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

நம் கூடத்தில் என்ன நடக்கிறது என்று வீட்டில் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். புற்றுநோய் செல்களைத் தட்டுகளில் வளர்க்கிறார்கள். அவை எதைத் தின்று வளர்கின்றன, தீனி குறைந்தால் செல்லுக்குள் என்ன தகவல் ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். செல் நனைந்து கிடக்கும் சிவப்புத் தண்ணீர்தான் மீடியா. அதில் சர்க்கரையும் சத்தும் இருக்கும். அதன் நிறத்தைப் பார்த்தே செல்லின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மஞ்சளானால் செல் நிறையத் தின்று புளிக்க வைத்திருக்கிறது. ஊதாவானால், செல்களை உடம்புச் சூட்டில் வைக்கிற இன்குபேட்டர் பெட்டியில் கேஸ், அதாவது கரியமில வாயு, இல்லை. இந்த இரண்டும் தெரிந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரி.

நான் சொல்லப்போவது பியூலா மேடம் இருந்தபோது நடந்தது. அவர் ராதாபுரத்துப் பக்கம். பிஎச்டி முடித்துவிட்டு உதவித்தொகையில் மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய வந்தவர். போஸ்ட்டாக் என்பார்கள். அது நிரந்தர வேலை இல்லை. இரண்டு வருடம் முடிந்ததும் ஒரு குழு உட்கார்ந்து பார்க்கும். பிடித்திருந்தால் நீட்டிக்கும், இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் என்னை அண்ணாச்சி என்பார், நான் மேடம் என்பேன்.

சர்க்கரை கொடுக்காமல் விட்டாலும் சில புற்றுநோய் செல்கள் சோராமல் வேறு எதையோ தின்று பிழைத்துக்கொள்ளும். பிழைத்துக்கொள் என்ற தகவலைச் செல்லுக்குள் கொண்டுபோகிற புரதம் எது என்பதுதான் மேடத்தின் கேள்வி. அதைத் தடுத்துவிட்டால் செல்லைப் பட்டினி போட்டே கொல்லலாம் என்பது அவர் நம்பிக்கை. அந்தப் புரதம் விழித்துக்கொண்டால் கடைசியில் எடுக்கும் படத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். கோடு எவ்வளவு கறுப்போ அவ்வளவு வேலை நடக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அந்த வருடம் பங்குனியில் மேடத்தின் செல்களில் பூஞ்சை பிடித்தது. நாலு குடுவை, ஒரே வாரத்தில் கலங்கலாகிப் போயிற்று. நுண்ணோக்கியில் பார்த்தால் குட்டி குட்டியாக மொட்டு விட்ட ஈஸ்ட். மேடம் எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார்.

"காலைல வீட்லேர்ந்து கெளம்பி இங்கன வாரது வரைக்கும் என்னென்ன தொட்டியன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

என் முறை வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பதநீர் குடித்தேன் என்றேன்.

"ஓலைப் பட்டையிலயா?"

"ஆமா மேடம்."

"கை கழுவினியளா?"

"வேட்டியில தொடச்சேன்."

மேடம் சிரித்துவிட்டார். பதநீரைக் கள்ளாகப் புளிக்க வைப்பதும் ஈஸ்ட்தான்; காரணம் கிடைத்த நிம்மதியில் வந்த சிரிப்பு என்று இப்போது தெரிகிறது. அன்று முழுக் கூடமும் சிரித்தது. அதன் பிறகு ஒரு மாதம் நான் பதநீர் அண்ணாச்சி. "அண்ணாச்சி, இன்னைக்குக் கேன்சருக்கு என்ன போடுதிய, பதநீரா, நொங்கா?" என்று டீ நேரத்தில் ஒரு மாணவன் கேட்பான். "கள்ளு எறக்கிருவாரு வே, விட்டா" என்பான் இன்னொருவன். நல்ல பையன்கள்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் பாட்டில் கழுவும்போது மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தேன். இனி என் தப்பு எதுவும் யார் கண்ணிலும் படக் கூடாது. கவனித்துப் பாருங்கள், தப்பு செய்யக் கூடாது என்று நான் முடிவெடுக்கவில்லை.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். "நாம வந்துட்டுப் போன தடமே தெரியக் கூடாது வே. வச்சது வச்ச எடத்துல இருக்கணும், அவ்ளோதான்." மேசை துடைப்பதற்கு அது சரியான பேச்சு. எல்லாவற்றுக்கும் சரி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் ஊர்க் கோவிலில், சர்ச்சைத்தான் சொல்கிறேன், அசனம் வந்தது. சபை முழுவதும் சேர்ந்து ஆக்கி, சாதி சனம் பார்க்காமல் ஊரெல்லாம் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. எங்கள் ஊர் திசையன்விளைக்குப் பக்கம். சனிக்கிழமை சாயங்காலம் அசனம். காய் வெட்ட ஆள் வேண்டும் என்று போன் வந்துகொண்டே இருந்தது. மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன்.

அன்று மேடம் மூன்றாவது தடவையாக அந்தச் சோதனையை வைத்திருந்தார். பழைய இன்குபேட்டரின் மேல்தட்டில் வேறு மாணவரின் தட்டுகள் இருந்தன. அதனால் சர்க்கரை இல்லாத தட்டுகளைப் பழைய இன்குபேட்டரிலும், சர்க்கரை உள்ள தட்டுகளைப் புதியதிலும் வைத்தோம். வைத்தோம் என்றேன், என் கையால் வைத்தேன். ஒவ்வொரு இன்குபேட்டருக்கும் ஒரு சிலிண்டர். பழையதின் சிலிண்டர் மாற்ற வேண்டிய வாரம் அது. போகும்போது சிலிண்டரின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். நன்றாக மேலே நின்றது. திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன்.

இதைச் சுவரில் ஒட்டியவர்கள் சின்ன எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள், அதனால் நான் பெரிதாகச் சொல்கிறேன். அந்த முள்ளை நம்பாதீர்கள். சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும்வரை முள் அசையாது. தீர்ந்ததும் சில மணி நேரத்தில் தரைக்கு வந்துவிடும். எடை மட்டும்தான் உண்மை சொல்லும். எனக்கு இது அன்றே தெரியும். தெரிந்தும் முள்ளைப் பார்த்துவிட்டு அசனத்துக்குப் போனேன்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் திரும்பினேன். கையில் தூக்குவாளி நிறைய அசனச் சோறும் குழம்பும். வர முடியாதவர்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். மேடத்துக்கு என்று எடுத்து வந்தேன். ஆராதனைக்கு முன்னால் கூடத்தை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று ஆறு நாற்பதுக்குக் கதவைத் திறந்தேன்.

பழைய இன்குபேட்டரின் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. ஒவ்வொரு தடவை கதவைத் திறந்தாலும் அது கத்தும், பையன்கள் எரிச்சல்படுவார்கள் என்று நான்தான் சத்தத்தை அமர்த்தி வைத்திருந்தேன். முள் பூஜ்யத்தில் கிடந்தது. உள்ளே தட்டுகளெல்லாம் நாவல்பழச் சாறு மாதிரி ஊதாவாக இருந்தன.

சிலிண்டரை மாற்ற எனக்குப் பத்து நிமிடம் போதும். மாற்றினேன். பிறகு அங்கேயே நின்றேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊதா பைய ரோஜாவாகி, ரோஜா சிவப்பாக ஒன்பது மணி ஆயிற்று. அன்று நான் ஆராதனைக்குப் போகவில்லை. விளக்கு அணைந்தது, எண் சரியானது, பழைய சிலிண்டரை மூலையில் தள்ளி வைத்தேன். யார் வந்து பார்த்தாலும் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மேடம் பதினொரு மணிக்கு வந்தார். தட்டுகளை எடுத்து வேலையை முடித்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். முடித்துவிட்டுத் தூக்குவாளியைத் திறந்தார்.

"அசனச் சோறா? எத்தன வருசமாச்சு அண்ணாச்சி. நீங்க சாப்பிட்டியளா?"

"ஆச்சு மேடம்."

"இந்தக் கத்தரிக்கா கொழம்பு ருசி வேற எங்கயும் வராது."

வழித்துச் சாப்பிட்டார். நான் வாளியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை மேடம் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. இதப் பாருங்க."

திரையில் கோடு. இவ்வளவு கறுப்பான கோட்டை நான் அந்தக் கூடத்தில் பார்த்ததில்லை. சர்க்கரை உள்ள பக்கம் வெறும் நிழல். சர்க்கரை இல்லாத பக்கம் மை போட்டு இழுத்த மாதிரி. முதல் தடவை வந்த கோடு மங்கல். இரண்டாவது தடவை வந்ததா வரவில்லையா என்றே தெரியாது.

"மூணாவது தடவயாவது வாயத் தொறந்துச்சே. அடுத்த வாரம் வெள்ளிக்கெழம குழு கேக்குது. இத வச்சிக்கிட்டுப் போறேன்."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்தக் கறுப்பு, சர்க்கரை இல்லாததால் வந்ததா, கேஸ் இல்லாததால் வந்ததா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்கிற படிப்பும் இல்லை. ஆனால் மேடம் மாணவர்களிடம் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அன்னைக்கு வேற என்ன மாறியிருந்திச்சு?" அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்.

நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிறம் திரும்பிவிட்டதே. செல் சாகவில்லையே. பாட்டில் கழுவுகிறவன் போய் ஆராய்ச்சியில் குறை சொல்வதா? இந்தச் சமாதானம் எதுவும் ராத்திரிச் சாப்பாடுவரைகூடத் தாங்கவில்லை.

மூன்று தடவை சொல்லப் போனேன். மூன்று தடவையும் கையில் டீயோடு போய் டீயை வைத்துவிட்டுத் திரும்பினேன். ஒரு தடவை மேடமே கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, நின்னுட்டே இருக்கிய. லீவு வேணுமா?"

"இல்ல மேடம்."

"பொறவு?"

"சீனி போதுமான்னு கேக்க வந்தேன்."

அடுத்த திங்கட்கிழமை காலை ஒரு வழி தோன்றியது. எனக்குப் பேச வராது, லேபிள் எழுத வரும். ஆறு வருடமாக அதைத்தானே எழுதுகிறேன். பாட்டிலில் ஒட்டுகிற வெள்ளை நாடாவைக் கிழித்து, சின்ன எழுத்தில் எழுதினேன்.

'ஞாயிறு காலை 6.40. பழைய இன்குபேட்டர். கேஸ் இல்லை. தட்டுகள் ஊதா. சிலிண்டர் மாற்றியது 6.50. நிறம் சரியானது 9.00. நான் சொல்லவில்லை.'

மேடத்தின் நோட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் தேடி ஒட்டினேன். நோட்டை விரித்தபடியே அவர் மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. நின்றேன்.

மேடம் வந்தார், உட்கார்ந்தார், வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"எத்தன மணிக்குத் தீந்திச்சு?"

"தெரியாது மேடம். சனிக்கெழம மூணு மணிக்கு முள்ளு மேல நின்னுச்சு."

"சத்தம்?"

"நான் அமத்தி வச்சிருந்தேன்."

அவர் திரையைத் திறந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"எட்டு நாளு அண்ணாச்சி. எட்டு நாளா எனக்கு டீ கொண்டாந்து வச்சிய. சீனி போதுமான்னு கேட்டிய."

மேடம் நாடாவின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"ஏன் சொல்லல?"

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். வாயில் தானாக வந்துவிட்டது. "பதநீர் அண்ணாச்சின்னு சொன்னாங்க மேடம். மறுபடியும் சிரிப்பாங்கன்னு."

மேடம் மூடி வைத்திருந்த பேனாவைத் திறந்தார், மறுபடி மூடினார். பிறகு நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டி, முதல் சோதனையின் மங்கலான படத்தை எடுத்துக் கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஒங்க மேல முழுசா போட முடியாது. மொத ரெண்டும் இப்படி இருக்கும்போது, மூணாவது மட்டும் ஏன் இப்படின்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. நல்லா வந்திச்சு, எடுத்துக்கிட்டேன். ரெண்டு இன்குபேட்டர்ல பிரிச்சு வச்சதும் நான் சொல்லித்தான்."

"இப்ப என்ன செய்ய மேடம்?"

"திங்கள் ஆச்சு. வெள்ளிக்கு நாலு நாளு இருக்கு. திருப்பி வைப்போம். நாளைக்குச் சாயங்காலம் கேஸ அடைக்கணும். அன்னைக்கு என்ன செஞ்சியளோ, அதையே, அதே மணிக்குச் செய்யணும். ஒங்களத் தவிர வேற யாருக்கும் அது தெரியாது."

பழைய இன்குபேட்டரில் இருந்த மற்றவர்களின் தட்டுகளை எல்லாம் கெஞ்சி இடம் மாற்றினோம். "பதநீர்க் கடைய எங்கன மாத்துதிய அண்ணாச்சி?" என்று அந்த மாணவன் ஆரம்பித்தான். மேடம் தலையைத் தூக்காமலே சொன்னார்: "எலே, அந்தப் பேச்ச இன்னையோட விடு. மொத மொத சிரிச்சது நான். அதனால நானே சொல்லுதேன்." அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சர்க்கரை உள்ளதும் இல்லாததும் இந்தத் தடவை ஒரே இன்குபேட்டரில், புதியதில், பக்கத்துப் பக்கத்தில். பழையதில் சர்க்கரை உள்ள தட்டுகள் மட்டும், கேஸ் இல்லாததே கோட்டைக் கறுப்பாக்குமா என்று பார்க்க. செவ்வாய் சாயங்காலம் பழையதின் கேஸை நானே அடைத்தேன். மணியை எழுதினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இன்குபேட்டரை வேண்டுமென்றே பட்டினி போட்டது அன்று ஒரு நாள்தான். புதன் காலை ஆறு நாற்பதுக்குப் பார்த்தேன், ஊதா. ஆறு ஐம்பதுக்குக் கேஸைத் திறந்தேன். ஒன்பதுக்குச் சிவப்பு. எல்லாம் எழுதினேன். பதினொரு மணிக்கு மேடம் தட்டுகளை எடுத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் படம் வந்தது. மேடம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டார்.

கேஸ் இல்லாமல் கிடந்த தட்டு, வயிறு நிறையச் சர்க்கரை இருந்தும், கன்னங்கறுப்பாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. அவருடைய இரண்டு வருடத்தை நான் கலைத்துப் போட்டேன் என்று அந்தக் கோடு சொன்னது.

"இருங்க அண்ணாச்சி. பக்கத்துல பாருங்க."

ஒரே இன்குபேட்டரில் இருந்த இரண்டையும் காட்டினார். சர்க்கரை உள்ளது நிழல். இல்லாதது அதைவிடக் கொஞ்சம் கறுப்பு. மை இல்லை, பென்சில். ஆனால் இருந்தது.

"மொத தடவ வந்த அதே அளவு. சின்னதுதான். ஆனா நெசம்."

"இத வச்சி நீட்டிப்புக் குடுப்பாங்களா மேடம்?"

"தெரியல. அந்தக் கறுப்புக் கோட்டக் காட்டி அவங்க குடுத்திருந்தா, அடுத்த ரெண்டு வருசமும் இல்லாத ஒண்ணத் தேடி அலஞ்சிருப்பேன்."

வெள்ளிக்கிழமை குழுவினர் கம்ப்யூட்டர் திரையில் வந்தார்கள். நான் வெளியே தாழ்வாரத்தில் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து மேடம் வந்தார்.

"நாலு படத்தையும் காட்டினேன். ஒங்க லேபிளையும் படம் எடுத்துப் போட்டேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "என்ன சொன்னாங்க?"

"யாரு எழுதினதுன்னு கேட்டாங்க. எங்க அண்ணாச்சின்னு சொன்னேன். ஒருத்தரு சிரிச்சாரு. இன்னொருத்தரு, அத இன்னொரு தடவ காட்டுங்கன்னு சொல்லி முழுசா வாசிச்சாரு. வேற ஒண்ணும் சொல்லல. முடிவு பொறவு வரும்."

உங்கள் இருவருக்கும் நான் சொல்ல நினைத்தது இதுதான். நம் வேலையில் தப்பு வராமல் இருக்காது. சிலிண்டர் தீரும், கை மறக்கும், ஊரில் விசேஷம் வரும். தப்பைத் துடைத்து வைப்பதில் நாம் கெட்டிக்காரர்கள், அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் ஆபத்து. ஊதாவைப் பார்த்தால் முதலில் மணியை எழுதுங்கள், அப்புறம் ஸ்பேனரை எடுங்கள். பேச வராவிட்டால் லேபிள் போதும். மேலே இருப்பவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒன்று. யாராவது தப்பை ஒத்துக்கொள்ளும்போது சிரிக்க வேண்டாம். அடுத்த தடவை சொல்ல மாட்டான்.

அந்த வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை. பத்தரை மணிக்கு மெயில் வந்தது. இரண்டு வருடம் கேட்டதற்கு ஒரு வருடம் கொடுத்திருந்தார்கள். மேடம் அதை வாசித்துவிட்டுப் புதுக் குடுவைகளுக்கு மீடியா கேட்டார். பன்னிரண்டு மணிக்கு கேஸ் வண்டி வந்தது. இரண்டு சிலிண்டர்களை இறக்கி, எடை போட்டு, இன்குபேட்டர் கதவில் கட்டித் தொங்கவிட்ட புது நோட்டில் எழுதினேன். அமர்த்தி வைத்திருந்த சத்தத்தைத் திரும்பவும் வரும்படி வைத்தேன்.